ஹாசனிலிருந்து வந்த 20 தட்டு உருளை நாற்று: இரண்டு போகம் பார்த்த பிறகு

உருளைக்கிழங்கை நாற்றாக வாங்கி நடப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது மாமா கையில் இருந்த டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் மாமனாருக்கு 74 வயது. நீலகிரியில் நஞ்சநாடு பக்கத்தில் எங்களுக்கு இருக்கும் ஒன்றேகால் ஏக்கர் சரிவில் ஐம்பது வருஷத்துக்கு மேல் கிழங்கு போட்டவர். "ஏம்மா, முட்டைக்கோசுக்கு நாத்து விடுவாங்க, காலிஃபிளவருக்கு விடுவாங்க. கிழங்குக்குக் கிழங்குதானே விதை?" என்றார். நியாயமான கேள்விதான். அவருக்குச் சொல்ல அன்று என்னிடம் பதில் இல்லை. இரண்டு போகம் முடிந்த பிறகு இப்போது இருக்கிறது. வாங்கலாமா வேண்டாமா என்று மலைக்காரர்கள் பலர் கேட்கிறார்கள், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பு முறையில் நோயில்லாமல் வளர்த்த செடியைத் தாய்ச்செடியாக வைத்துக்கொள்கிறார்கள். அதன் நுனிக் கொழுந்தைக் கிள்ளி, தேங்காய் நார்த்தூள் நிரப்பிய குழித்தட்டில் குத்திவைக்கிறார்கள். இரண்டு, மூன்று வாரத்தில் வேர் விட்டு நாற்றாகிவிடும். நுனி கிள்ளிய தாய்ச்செடி மறுபடி துளிர்க்கும், மறுபடி கிள்ளலாம். அப்படி வந்த நாற்றைத்தான் நமக்கு விற்கிறார்கள். வியட்நாமில் டா லாட் என்று நம் ஊட்டி மாதிரியே ஒரு மலையூர் இருக்கிறது. அங்கே விவசாயக் குடும்பங்கள் 1980களிலேயே வீட்டோடு வைத்து இதைச் செய்திருக்கின்றன. பெரு நாட்டின் லிமாவில் இருக்கும் சர்வதேச உருளைக்கிழங்கு மையம் வழியாக அது கென்யாவுக்குப் போய், கர்நாடகத்தில் ஹாசனுக்கும் வந்தது. ஹாசனில் பாகல்கோட் தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இதைப் பரப்பியது. அவர்கள் கஷ்டமும் நம் கஷ்டம்தான்: விதைக்கிழங்கு பெரும்பாலும் பஞ்சாப் ஜலந்தரிலிருந்து லாரியில் வர வேண்டும். வருகிற விதை நல்லதா, கெட்டதா என்பது முளைத்த பிறகுதான் தெரியும்.

விதைதான் கிழங்கு விவசாயத்தின் கழுத்தைப் பிடிக்கிற செலவு. நெல்லுக்கு ஏக்கருக்கு 20, 30 கிலோ விதையோடு முடிந்துவிடும். கிழங்குக்கு ஒரு டன்னுக்கு மேல் வேண்டும். போடுகிற மொத்தப் பணத்தில் ஏறக்குறைய பாதி விதைக்கே போய்விடுகிறது. அந்த விதையும் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே போகும். அசுவினிப் பூச்சி மூலம் நச்சுயிரி (வைரஸ்) ஏறும், இலை சுருளும், மூட்டை குறையும். கையில் நல்ல விதை இல்லாதவனுக்கு உரமும் மருந்தும் எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் எங்கள் நிலம் கிழங்கிலிருந்து கேரட்டுக்கும், கேரட்டிலிருந்து பூண்டுக்கும் மாறியதற்குக் காரணமே இதுதான்.

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன்.

போன வருஷம் ஏப்ரல் கடைசியில் கார் போகத்துக்கு 20 தட்டு சொன்னேன். தட்டுக்கு 98 குழி, ஆக 1,960 நாற்று. நாற்று ஒன்று ரூ. 2.25 என்று பேசி மொத்தம் ரூ. 4,410 கொடுத்தேன். ரகம் குஃப்ரி ஹிமாலினி. ஜோதி, கரண் இரண்டும் வைத்திருந்தார்கள். ஜோதி 1968இல் வெளிவந்த பழைய ரகம், மண்டிக்காரர்களுக்குப் பழகிய முகம். ஆனால் தென்மேற்கு மழையில் அதைக் கருகல் நோய்க்குக் கொடுத்துவிட்டு நின்ற அனுபவம் எங்களுக்குப் பலமுறை உண்டு. ஹிமாலினி 2006இல் வந்தது, கருகலைக் கொஞ்சம் தாங்கும் என்பதால் அதையே எடுத்தேன். நாற்றங்காலின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அந்த ஒருவருக்கு மட்டும் உரியவை என்று எனக்குத் தோன்றவில்லை, யாரிடம் வாங்கினாலும் கவனிக்க வேண்டியவை.

முதல் குறை வண்டி. மதியம் ஒரு மணிக்குக் கிளம்பும் என்றார்கள், நாலரைக்குத்தான் கிளம்பியது. ஹாசனிலிருந்து மைசூர், குண்டல்பேட் வந்து பந்திப்பூர் வாசலை அடைவதற்குள் இரவு ஒன்பது தாண்டிவிட்டது. அங்கே இரவு 9 மணி முதல் காலை 6 வரை காட்டுக்குள் வண்டி விடமாட்டார்கள் என்பது இந்தப் பாதையில் போகிற எல்லாருக்கும் தெரியும். நாற்று விற்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. இராத்திரி முழுக்க தார்ப்பாய் போர்த்திய வண்டிக்குள் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. காலையில் கக்கநல்லா சோதனைச்சாவடி தாண்டி, கூடலூர் சுற்றி, எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது மணி பதினொன்று. தார்ப்பாயைத் தூக்கினால் உள்ளே கொதிக்கிற மாதிரி ஆவி. அடித்தட்டு நாற்றெல்லாம் தலை சாய்ந்து கிடந்தது. அன்றும் அடுத்த ஒரு வாரத்திலும் செத்தது 210. நாற்றங்காலுக்குப் போன் செய்தேன். வண்டிக்காரர் மேல் சொன்னார்கள், வண்டிக்காரர் அவர்கள் மேல் சொன்னார். பணம் திரும்பி வரவில்லை. அடுத்த முறை 2 தட்டு கூட வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். அந்த வார்த்தையைப் போன் பேச்சில் விடாமல் மெசேஜாகவும் வாங்கி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது குறை இதைவிட முக்கியம், ஆனால் கண்ணில் படாதது. நாற்றின் இலையைப் பாருங்கள். நல்ல நாற்றாக இருந்தால் இலை வட்டமாக, ஒற்றையாக இருக்கும். பார்த்தால் உருளைச்செடி என்றே சொல்ல மாட்டோம், ஏதோ கீரைக் கன்று மாதிரி இருக்கும். தாய்ச்செடி இளமையாக இருக்கும்போது கிள்ளியது என்பதற்கு அதுதான் அடையாளம். தாய்ச்செடிக்கு வயதாகிவிட்டால் இலை பிரிந்து, தோட்டத்தில் வளர்ந்த செடியின் இலை மாதிரி பல துண்டாக வரும். அதிலிருந்து கிள்ளிய நாற்று வளர்வதற்கு முன்பே கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். எனக்கு வந்ததில் 3 தட்டு அப்படி இருந்தது. ஒன்றைக் குழியிலிருந்து உருவிப் பார்த்தேன், நார்த்தூளுக்குள் மிளகு அளவில் கிழங்கே வந்திருந்தது. பார்க்க அழகு, ஆனால் அந்தச் செடி இனி வளராது. அவற்றைத் தனியாக ஒரு மூலையில் நட்டேன். பிழைத்த 280 செடியும் கடைசியில் செடிக்கு இரண்டு, மூன்று கிழங்குக்கு மேல் தரவில்லை. வாங்குகிறவர்கள் வண்டி ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு தட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இலை பிரிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது.

நட்ட விதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பாதிப் பேர் கைவிடுகிறார்கள். விதைக்கிழங்குக்குள் ஒரு மாதத்துச் சாப்பாடு இருக்கிறது. மண்ணில் போட்டு மூடிவிட்டு நாம் வீட்டுக்கு வரலாம். நாற்றுக்கு அது கிடையாது. முதல் பதினைந்து நாள் கைக்குழந்தை மாதிரி. சரிவைப் படிப்படியாக வெட்டிய எங்கள் நிலத்தில், ஏழு வருஷமாகக் கிழங்கே போடாத நடுப் படியில் 5 சென்ட்டுக்குச் சற்றுக் கூடுதலாக இடம் ஒதுக்கி, வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 20 சென்டிமீட்டர் விட்டேன். நாற்றை நிழலில் ஐந்து நாள் வைத்துப் பழக்கிய பிறகு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் நட ஆரம்பித்தோம். நிழல்வலை வாங்கப் பணமில்லை. மாமாதான் வழி சொன்னார். ஓரத்தில் முளைத்துக் கிடக்கும் பெரணியை வெட்டி, ஒவ்வொரு நாற்றுக்கும் மேற்குப் பக்கம் ஒரு கிளை குத்திவைக்கச் சொன்னார். முட்டைக்கோசு நாற்றுக்கு அவர் காலத்தில் அப்படித்தான் செய்வார்களாம். 1,900 பெரணிக் கிளை! நானும் கூலிக்கு வந்த இரண்டு அக்காக்களும் அதை வெட்டவே ஒரு முழு நாள் ஆயிற்று. ஆனால் அந்த நிழலில் நாற்று பிடித்துக்கொண்டது. நடுவதை வேண்டாம் என்றவரே பெரணியை முதலில் குத்தினார், அதை நான் மறக்க மாட்டேன்.

அப்புறம் மண் அணைப்பு. கிழங்கு கட்டுவது வேரில் இல்லை, மண்ணுக்குள் போகும் தண்டுக் கணுவிலிருந்து வரும் கொடியில். நாற்றின் தண்டு குட்டை. அதனால் நடும்போதே இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி ஆழமாக நட்டு, மூன்றாவது வாரம் ஒரு தடவை, ஆறாவது வாரம் ஒரு தடவை நன்றாக மண் ஏற்றினேன். முதல் அணைப்பைத் தள்ளிப்போட்ட இரண்டு வரிசையில் கிழங்கு எண்ணிக்கை குறைந்ததை அறுவடையில் என் கண்ணால் பார்த்தேன். கருகலுக்கு ஜூன் முதல் மழையிலிருந்து மாங்கோசெப் என்ற பூஞ்சணக்கொல்லி வாரம் ஒரு தடவை. நோய் வந்த பிறகு அடிப்பதில் பிரயோஜனம் இல்லை, மேகம் இறங்கி இரண்டு நாள் நின்றாலே அடித்துவிட வேண்டும்.

இனி எனக்குத் தூக்கம் கெட்ட விஷயம்.

நீலகிரிக்காரர்களுக்கு நூற்புழு என்றால் விளக்கம் தேவையில்லை. வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 1961இல் ஊட்டி விஜயநகரம் பகுதியில் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இதை முதலில் கண்டுபிடித்தார். இந்தியாவிலேயே அதுதான் முதல் தடவை. உருளை வேரில் ஒட்டி வளரும் பெண் புழு செத்த பிறகு அதன் உடம்பே கூடாக இறுகிவிடும். அந்தக் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். கிழங்கு போடாமல் விட்டாலும் பல வருஷம் மண்ணில் காத்துக் கிடக்கும். இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போனால் புழுவும் கூடவே போகும் என்றுதான் 1971இல் நீலகிரி விதைக்கிழங்கு வேறு மாவட்டங்களுக்குப் போகத் தமிழக அரசு தடை போட்டது. அது நியாயமான தடை. ஆனால் ஒரு காலத்தில் விதை விற்ற மலை, விதை வாங்குகிற மலையாக மாறியது. நம் ஊரிலேயே நல்ல விதை செய்துகொள்ள முடியுமா என்று நான் ஏங்குவது இந்த இடத்திலிருந்துதான்.

நட்டு 60 நாள் ஆனதும், பூ வரும் சமயத்தில், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு செடியைப் பிடுங்கி வேரைத் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். முத்தோரையில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனபோது கற்றுக்கொண்ட பழக்கம். புழுக்கூடு இருந்தால் குண்டூசித் தலையைவிடச் சிறிதாக, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ மணி மணியாக வேரில் ஒட்டியிருக்கும், கண்ணுக்கே தெரியும். பதின்மூன்று வரிசையில் ஒன்றும் இல்லை. மேல் ஓரத்து வரிசையில் வேரைத் தூக்கினால் நாலைந்து மஞ்சள் மணிகள். எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏழு வருஷம் கிழங்கு போடாமல் காத்த மண். சுத்தமான நாற்று. பிறகு எப்படி?

மாமா வந்து பார்த்தார். மேல் படியைக் கை காட்டினார். அது பக்கத்துத் தோட்டத்து அண்ணனுடையது, வருஷா வருஷம் கிழங்கு போடுவார். போன மழையில் அவர் படியிலிருந்து சேறு இறங்கி எங்கள் ஓரத்தில் ஒரு சாண் படிந்திருந்தது. புழு விதையில் வரவில்லை, மழைத்தண்ணீரில் வந்திருக்கிறது. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, சரிவு நிலத்தில் தண்ணீர் கீழேதானே வரும். அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "நம்ம ரெண்டு பேரும் சேந்து வாய்க்கா வெட்டிருவோம்மா" என்றார். அதே வாரம் இரண்டு படிக்கும் நடுவில் ஓர் அடி ஆழத்துக்கு வெட்டினோம். அந்த ஓர வரிசையின் 130 செடியைத் தனியாக அறுத்து, வீட்டுக்குச் சாப்பிட வைத்துக்கொண்டோம். விதைக்கு ஒன்றும் எடுக்கவில்லை. மற்ற வரிசைகளின் கிழங்கையும் மண் போகக் கழுவி, நிழலில் உலர்த்தித்தான் பரணில் ஏற்றினேன். அந்த விதை எங்கள் நிலத்தை விட்டு வெளியே போகாது, சொந்தக்காரர்கள் கேட்டும் கொடுக்கவில்லை. வருத்தப்பட்டார்கள். ஆனாலும் கொடுக்க மனம் வரவில்லை.

அதனால் இந்த நாற்றைப் பற்றி ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். நாற்று நோய் கொண்டுவராது, அவ்வளவுதான். மண்ணில் இருப்பதை அது தடுக்காது. விற்கிறவர்கள் நோயற்ற நாற்று என்று சொல்லும்போது, நோயே வராத நாற்று என்று நம் காதில் விழுந்துவிடுகிறது.

அறுவடை ஆகஸ்ட் நடுவில், 110ஆம் நாள். 40 செடியைத் தனியாகத் தோண்டி எண்ணினேன். குறைந்தது 4, அதிகம் 17, சராசரி எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில். மிஞ்சிய 1,340 நல்ல செடிகளில் ஏறக்குறைய 11,400 கிழங்கு, எடை 390 கிலோ. பெரும்பாலும் எலுமிச்சை அளவு, கொஞ்சம் கோழிமுட்டை அளவு. சந்தைக்குப் போட்டால் பொடிக்கிழங்கு என்று அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். விதைக்கு இதுதான் சரியான அளவு, வெட்டாமல் முழுசாக நடலாம். செலவையும் சொல்கிறேன்: நாற்று ரூ. 4,410, வண்டி ரூ. 2,600, ஆள்கூலி ரூ. 4,000, எருவும் உரமும் ரூ. 1,800, மருந்து ரூ. 1,100. மொத்தம் ரூ. 13,910. கிலோவுக்கு 35 ரூபாய் சொச்சம் விழுகிறது. அந்த வருஷம் வெளியிலிருந்து வந்த விதை எனக்கு வண்டிக்கூலியோடு கிலோ 42. பெரிய லாபம் என்று சொல்ல முடியாது. இந்த இடத்தில் கணக்கை முடித்துவிட்டு நாற்று வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இன்னும் ஒரு போகம் பொறுத்திருக்க வேண்டும்.

பரணில் ஐந்தரை மாதம். கிழங்கை ஒரே அடுக்காகப் பரப்பி, ஜன்னல் வெளிச்சம் மறைமுகமாகப் படும்படி வைத்தால் முளை நீண்டு வெளுத்துப் போகாமல் குட்டையாக, பச்சையும் ஊதாவுமாக உறுதியாக வரும். அந்துப்பூச்சிக்கு யூகலிப்டஸ் இலை போட்டோம். அழுகலிலும் பூச்சியிலும் 800 கிழங்கு போய்விட்டது. பிப்ரவரி முதல் வாரம், உறைபனி விட்டதும், நீர்ப்போகத்துக்கு மிச்சம் 10,600ஐக் கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில் நட்டேன். பக்கத்திலேயே அதே அளவு இடத்தில் வெளியிலிருந்து வாங்கிய விதை. ஒரே ஓடைத் தண்ணீர், ஒரே எரு, ஒரே நாளில் நடவு.

வித்தியாசம் முப்பதாம் நாளே தெரிந்தது. நாற்று வழி விதை மொத்தமாக, ஒரே உயரமாக முளைத்து நின்றது. வாங்கிய விதையில் ஐந்து செடிக்கு ஒரு செடி இலை சுருண்டு, ஓரம் வெளுத்து இருந்தது. ஜூனில் தோண்டினோம். நாற்று வழிப் படியில் 45 கிலோ மூட்டையாக 44 மூட்டை. வாங்கிய விதைப் படியில் 29. மாமா மூட்டைகளை இரண்டு தடவை எண்ணினார். எதுவும் பேசவில்லை. சாயங்காலம் பரணைப் பெருக்கச் சொன்னார், அடுத்த விதையை ஏற்ற வேண்டுமே என்று. எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் தேவைப்படவில்லை.

மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை ரூ. 1,850க்குப் போயிற்று. அங்கே ஊட்டிக் கிழங்குக்கு இன்னும் தனி மரியாதை இருக்கிறது. குஜராத், ஆக்ரா, கோலார் என்று எல்லா ஊர்க் கிழங்கும் அதே மண்டியில்தான் இறங்குகிறது, ஆனாலும் நம் சிவப்பு மண் ஒட்டிய கிழங்கைக் கையில் எடுத்துப் பார்க்காத வியாபாரி இல்லை. 15 மூட்டை கூடுதல் என்றால் எங்களுக்கு அது பெரிய பணம். மகளின் காலேஜ் கட்டணத்தில் ஒரு பகுதி அதில்தான் கட்டினோம்.

கிழங்கில் வளர்ச்சி என்று யாராவது பேச ஆரம்பித்தால் சிப்ஸ், உறைய வைத்த ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ், குளிர்கிடங்கு என்று போகிறார்கள். குஜராத்தில் டீசா, மெஹ்சானா பக்கம் அது உண்மையான வளர்ச்சிதான். சமவெளி, பெரிய வயல், கம்பெனிகளோடு ஒப்பந்தம். நம் ஒன்றேகால் ஏக்கர் படிக்கட்டு நிலத்தில் அவர்களோடு எடைக்கு எடை நிற்க முடியாது. நமக்கு வேறு வழி இருக்கிறது. 1957 முதல் முத்தோரை நிலையம் இங்கேயே இருக்கிறது. நூற்புழுவைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா 1985இல் வெளிவந்தது, அப்புறம் நீலிமா, இப்போது சஹ்யாத்ரி என்று நம் மண்ணுக்காகவே ரகங்கள் உண்டாக்கியிருக்கிறார்கள். (கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் இளம் வயதில் நெதர்லாந்தில் போய் உழைத்ததும் இந்த உருளையின் மேல்தான். காட்டு உருளை இனங்களிலிருந்து நூற்புழுவைத் தாங்கும் குணத்தைச் சாப்பாட்டுக் கிழங்குக்குக் கொண்டுவரும் வேலை. அரிசி, கோதுமையோடு அவரை நினைக்கிறோம், இது பலருக்குத் தெரியாது.) ரகம் நம் வாசலில் இருக்கிறது. அதை வேகமாகப் பெருக்கும் முறை ஹாசனில் இருக்கிறது. இரண்டும் இன்னும் என் தோட்டத்தில் சந்திக்கவில்லை.

நாற்றங்காலில் கேட்டேன். சஹ்யாத்ரி நாற்று கிடைக்குமா, சுவர்ணா கிடைக்குமா என்று. ஜோதி, ஹிமாலினி, கரண், இந்த மூன்றைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள் என்றார்கள். அவர்கள் பக்கம் நூற்புழு பெரிய கவலை இல்லை, அதனால் கேட்பவர் இல்லை, கேட்பவர் இல்லாததால் செய்வதில்லை. குறை சொல்ல முடியாது. ஆனால் இங்கே மலையிலேயே பத்து, இருபது பெண்கள் சேர்ந்து ஒரு பாலிஹவுஸ் போட்டால், தாய்ச்செடி மட்டும் ஆராய்ச்சி நிலையத்தில் வாங்கினால், நுனி கிள்ளிக் குழித்தட்டில் வைப்பது நமக்குப் பெரிய வித்தையா? தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பழகிய கைகள் இந்த மலையில் எத்தனை ஆயிரம்! தடை இருப்பதால் வெளி மாவட்டத்துக்கு விற்க வேண்டாம், விற்கவும் கூடாது. நீலகிரிக்குள் இருக்கிற தேவையே நமக்குத் தாராளமாகப் போதும். பந்திப்பூர் வாசலில் நாற்று வேகவும் வேண்டாம். எங்கள் மகளிர் குழுவில் இதைப் பேசியிருக்கிறேன். ஏழு பேர் கை தூக்கியிருக்கிறார்கள்.

யார் வாங்கலாம் என்று கேட்டால்: தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், முதல் இரண்டு வாரம் தினமும் தோட்டத்தில் நிற்க ஆள் இருக்க வேண்டும், கிழங்கு போட்டுச் சில வருஷமாவது ஆன மண் 5 சென்ட் இருக்க வேண்டும். இருந்தால் வாங்குங்கள். முதல் போகத்திலேயே மூட்டை கட்டி விற்கலாம் என்று நினைப்பவர்கள் வாங்க வேண்டாம், நாற்று அதற்காகச் செய்ததல்ல. முதல் தடவை 20 தட்டுகூட வேண்டாம், 5 தட்டு போதும். வேரை அலசிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர்கள் அதைக் கற்றுக்கொண்ட பிறகு வாங்குங்கள். எனக்குத் தெரிந்த வரையில் மூன்று தலைமுறைக்கு மேல் அதே விதையை இழுக்காமல் புது நாற்று இறக்கிவிடுவது நல்லது.

பொருளுக்கு ஐந்துக்கு நாலு தருவேன். நாற்றங்காலின் சேவைக்கு இரண்டரை.

வருகிற ஏப்ரலுக்கு 10 தட்டு சொல்லிவைத்திருக்கிறேன், அவர்கள் தர வேண்டிய 2 தட்டோடு சேர்த்து 12. வண்டி விடியற்காலை 4 மணிக்கு ஹாசனை விட்டுக் கிளம்ப வேண்டும், தட்டுகளுக்கு நடுவில் காற்று போகப் பலகை அடிக்க வேண்டும், முந்தைய நாளே இலைப் படம் வர வேண்டும் என்று மூன்றையும் எழுதி, அவர்கள் சரி என்று பதில் போட்ட பிறகுதான் முன்பணம் அனுப்பினேன். பெரணி இந்த வருஷம் ஓரத்தில் நன்றாக வளர்ந்திருக்கிறது.